கடைசிக் கை

ஏன் இம்புட்டுத் தள்ளிக் கடை போட்டிருக்கேன்னுதானே கேக்கிறே? கேளு தாயி, நல்லாக் கேளு. யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் நானும் காலையில இருந்து உக்காந்திருக்கேன். இந்தா, இந்தப் பெட்டி மேல உக்காரு. கொஞ்சம் சத்தமாப் பேசணும், பக்கத்துல ராட்டினத்து ஜெனரேட்டர் ஓடுது பாரு. மூணு நாளா என் காதே எனக்கில்ல.

வளைகாப்பு யாருக்கு, அக்காவுக்கா? ஏழாம் மாசமா, நல்லது. அக்காளுக்கும் உனக்கும் ஒரே கைன்னா உன் கையிலயே அளவு பாத்துருவோம். இறுக்காத. கையை விட்டுக் குடு. ம்... ரெண்டு ஆறு. பாத்தியா, தொட்டதும் சொல்லிட்டேன். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். முப்பது வருஷமா அடுத்தவ கையைப் பிடிச்ச விரலு இது.

இந்து! அந்தக் கட்டைத் தொடாத. அது வளைகாப்புக்குப் போற வளையல். நீ அங்கிட்டுப் போயி அட்டைப் பெட்டியை அடுக்கு.

எம்மருமக, இந்துமதி. கணக்குல பட்டம் வாங்கினவ. வீட்டுல பதினோரு பிள்ளைக்கு ட்யூசன் எடுக்கிறா. வளையல் போடச் சொன்னா மட்டும் டசனுக்கு மூணு ஒடைப்பா. கல்யாணம் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கலை. அதான் இந்த மாதிரி நல்ல காரியத்துக்குப் போற சாமானை நான் அவளைத் தொட விடுறதில்ல. மத்தபடி நான் மருமகளைக் கொடுமை பண்ற ஆளு இல்ல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.

இப்ப உன் கேள்விக்கு வாரேன். வரும்போது பாத்திருப்பே, கோயில் வளைவு இருக்குல்ல, செருப்பு விடுற எடம், அதுக்கு நேர் எதுத்தாப்புல ஒரு கடை. அதுதான் ஒண்ணாம் நம்பர். சாமி கும்பிட்டு வெளிய வாரவ எவளா இருந்தாலும் செருப்பை மாட்டிக்கிட்டு நிமிந்தா அந்தக் கடை மூஞ்சிலதான் முழிக்கணும். பெறகு ரெண்டு, மூணுன்னு அப்படியே போயி, தண்ணித் தொட்டி தாண்டி, டிரான்ஸ்பார்மர் தாண்டி, இந்தா நம்ம குந்தியிருக்கோமே, இது பதினஞ்சு. இங்க வாரது வழி தப்பினவளும், பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போக எடம் தேடுறவளும்தான். நீ எதுக்கு வந்தேன்னு நான் கேக்கலை.

கடைக்காரங்க நாங்க பதினாலு பேரு. எடம் பதினஞ்சு. எவனுக்கு எந்த எடம்னு திருவிழாவுக்கு மொத நா கோயில் முன்னால சீட்டெடுப்பு நடக்கும். ஒரு மண்பானை, வாயில மஞ்சத்துணி. பதினஞ்சு சீட்டையும் மஞ்சநூல்ல சுத்தித் தட்டுல வச்சுக் காட்டிட்டு, தர்மகர்த்தா தன் கையால பானைக்குள்ள போடுவாரு. ஒவ்வொருத்தரா வந்து கையை விட்டு ஒண்ணு எடுக்கணும். எடுத்த நம்பரை அங்கேயே வாசிப்பாங்க. பதினாலு பேரும் எடுத்த பெறகு பானையில ஒண்ணு மிஞ்சும்ல, அது முத்தாலம்மனுக்கு. அம்மன் பானையைக் கடைக்காரங்க கையி காலி பண்ணக்கூடாது, கவுத்திப் பாக்கவும் கூடாது. மிஞ்சின சீட்டை தர்மகர்த்தாவே எடுத்து வாசிப்பாரு. எந்த எடம் வருதோ அங்க அம்மன் பேருல ஒரு கடை. வர்ற லாபம் கோயிலுக்கு.

கேக்கும்போது எம்புட்டு நல்லாருக்கு! எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, எங்க வீட்டுக்காரர் இருந்த மட்டும்.

அவரு மூணாவதா நின்னு எடுப்பாரு. மூப்பு வரிசைப்படி எங்க குடும்பத்துக்கு மூணாவது எடம். மொத ஆளு அல்வாக்கடை சுடலைமணி. மொதல்ல எடுக்கிறவனுக்குத்தான் அதிர்ஷ்டம்னு அந்த ஆளு தன் வரிசையைப் பத்தி மீசையை முறுக்கிக்கிட்டே இருப்பாரு. எங்க வீட்டுக்காரர் தவறிப்போன அந்த வருஷம், கருமாதி முடிஞ்சு அஞ்சு மாசங்கூட ஆகலை, சீட்டெடுப்பு வந்துச்சு. நான் போயி மூணாவதா நின்னேன். வளையல் வித்தாத்தானே எங்க வீட்டுல அடுப்பு எரியும். அந்த வருஷந்தான் ராமசுப்பு புதுசா தர்மகர்த்தாவா வந்திருந்தாரு. என்னைப் பாத்தாரு. பல்லைக் காட்டினாரு. "ஏம்மா சீனித்தாயி, நீ கடைசியில வாம்மா. மங்கல காரியம்லா. நான் சொல்லலை, வழக்கம்" அப்படின்னாரு.

வழக்கமாம் வழக்கம்! தாலியறுத்தவ ஊருக்கெல்லாம் வளையல் போட்டு விடலாம். அவ போட்ட வளையலோட நீங்க மணவறையில உக்காரலாம். சீட்டை மட்டும் அவ எல்லாருக்கும் பெறகுதான் தொடணும். ஏன்னு கேட்டா வழக்கம். இந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு இவங்க அடிக்கிற கூத்து இருக்கே! அன்னைக்கே நான் முடிவு பண்ணேன், வளைகாப்பு வளையலையும் என் கையாலதான் எடுத்துக் குடுக்கிறதுன்னு. வேண்டாம்னா போ, வேற கடை பாரு. ஒருத்தியும் போகலையே! உன் அக்காளுக்கும் நாந்தானே எடுத்து வைக்கிறேன். எல்லாம் நம்ம குடுக்கிற எடம்.

ஆனா சீட்டெடுப்புல என்னால வாயைத் தொறக்க முடியலை. கடைசியில போயி நின்னேன். நாலு வருஷம் நின்னேன். பதிமூணு பேரு எடுத்த பெறகு நான் கையை விடுவேன். பதினாலு வந்துச்சு ஒரு வருஷம். பன்னெண்டு வந்துச்சு. பெறகு பதினஞ்சு, மறுபடி பதினாலு.

அம்மன் சீட்டு என்ன வந்துச்சுன்னு கேளு. ஒண்ணு. மறு வருஷமும் ஒண்ணு. மூணாம் வருஷமும் ஒண்ணு. நாலாவது வருஷமும், அதான் போன வருஷம், ராமசுப்பு பானைக்குள்ள கையை விட்டு, எடுத்து, பிரிச்சு, "ஒண்ணாம் நம்பர்! தாயி தன் வாசல்லயே உக்காரணும்ங்கிறா!"ன்னு கத்தினாரு. சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன். அம்மன் கடையில யாரு உக்காருவான்னு நெனைக்கிறே? குருவையான்னு ஒருத்தன். ராமசுப்பு பொண்டாட்டி கூடப் பிறந்தவன். அவன் என்ன விக்கிறான்? வளையலு! கோயிலுக்கு எம்புட்டு லாபம்னு கணக்குச் சொல்றதும் அவனேதான்.

அன்னைக்கு நான் வீட்டுல வந்து பொலம்பிக்கிட்டே சாமானை மூட்டை கட்டினேன். இந்து கேட்டுக்கிட்டு இருந்தா. "நாலு வருஷமும் ஒண்ணேவா அத்தை?"ன்னா. ஆமான்னேன். வளையல் பெட்டி மூடியை எடுத்து, உள்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, அதுல எழுத ஆரம்பிச்சா. "ஒரு வருஷத்துல அம்மனுக்கு மிஞ்சுறது பதினஞ்சு விதமா இருக்கலாம். அடுத்த வருஷம் எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டுருவாங்க. அப்ப அதுவும் பதினஞ்சு விதம். ரெண்டு வருஷத்துக்குப் பதினஞ்சைப் பதினஞ்சால பெருக்கணும், எரநூத்தி இருபத்தஞ்சு." இப்படியே போச்சு. கடைசியில, "நாலு வருஷத்துக்கு அம்பதாயிரத்தி அறுநூத்தி இருபத்தஞ்சு விதம் அத்தை. அதுல நாலுமே ஒண்ணா வாரது ஒரே ஒரு விதம்"ன்னா.

அம்பதாயிரத்துல ஒண்ணு! எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்து கையைப் பிடிச்சு, "இருங்க அத்தை, அவசரப்படாதீங்க. ஒரு விதம் இருக்குன்னா அது நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது. சந்தேகப்படலாம். சாட்சி சொல்ல முடியாது"ன்னா. படிச்சவளுக எப்பவும் இப்படித்தான், ஒரு காலை முன்னாலயும் ஒரு காலைப் பின்னாலயும் வச்சுக்கிட்டு. நான் அட்டையைத் தூக்கிக்கிட்டு மறுநா காலையில கோயிலுக்குப் போயிட்டேன்.

போயி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தேன். அதையும் மறைக்காமச் சொல்றேன். ராமசுப்பு அட்டையை வாங்கிப் பாத்தாரு. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தாரு. பெறகு கூட்டத்தைப் பாத்துத் திரும்பி, "கேட்டுக்கோங்கய்யா. அம்பதாயிரம் தடவையில ஒரு தடவை நடக்கிற காரியம் நம்ம அம்மன் சன்னதியில நடந்திருக்கு. இதுக்கு மேல அவ சக்திக்கு என்ன சாட்சி வேணும்?"னாரு. அம்புட்டுத்தான். ஒரு பொம்பளைக்குச் சாமியே வந்துருச்சு. நான் கொண்டுபோன கணக்கை வச்சே அந்த ஆளு எனக்குக் குழி வெட்டிட்டாரு. சுடலைமணி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

வீட்டுக்கு வந்து சுவரைப் பாத்து உக்காந்துட்டேன். இந்து காப்பியைக் கொண்டாந்து வச்சா. சீனி தூக்கலா, அவ எப்பவும் அப்படித்தான் போடுவா. "போகாதீங்கன்னு சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை, அதை ஒத்துக்கிறேன். செவப்பு, பச்சை, மஞ்சன்னு மூணு வளையலைத் தூக்குச்சட்டிக்குள்ள போட்டா. "எடுங்க அத்தை"ன்னா. எனக்கு இருக்கிற எரிச்சல்ல வெளையாட்டாடீன்னேன். எடுங்கன்னா. எடுத்தேன், பச்சை. "திருப்பிப் போட்டுட்டு இன்னொரு தடவை எடுங்க. போட்டாச்சுன்னா மொத தடவை என்ன வந்துச்சுன்னு சட்டிக்கு ஞாபகம் இருக்காது. மூணும் மூணும் பெருக்கினா ஒன்பது விதம். மொதல்ல வந்ததுக்கும் பெறகு வாரதுக்கும் சம்பந்தமே இல்ல. வருஷா வருஷம் நடக்கிற சீட்டெடுப்பு இப்படி." சரின்னேன். "இப்ப திருப்பிப் போடாதீங்க. பச்சை உங்க கையில இருக்கு. சட்டிக்குள்ள என்ன இருக்கும்?" செவப்பும் மஞ்சளும். "ரெண்டுதான். அப்ப மொத்தம் ஆறு விதம். இங்க மொத ஆளு எடுத்ததுக்கும் அடுத்த ஆளுக்கு மிஞ்சுறதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஒரே நாள்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எடுக்கிறது இப்படி. எந்தக் கணக்கா இருந்தாலும் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு மொதல்ல பாக்கணும் அத்தை. அதைப் பாக்காமத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க."

அப்பத்தான் அவ அதைக் கேட்டா. சும்மா கேக்கிற மாதிரிதான் கேட்டா. "நீங்க கடைசியில கையை விடுறப்ப பானைக்குள்ள எத்தனை சீட்டு கெடக்கும்?"

"ஒண்ணு"ன்னேன்.

"ரெண்டு இருக்கணுமே. பதினஞ்சுல பதிமூணு போனா?"

கையில இருந்த பச்சை வளையலைச் சட்டிக்குள்ள போட்டேன்.

"நல்லா நெனச்சுப் பாருங்க. நாலு வருஷமும் ஒண்ணுதானா?"

தாயி, உனக்குச் சொன்னா என்ன. நாலு வருஷமும் என் விரலுக்கு ஒண்ணுதான் தட்டுப்பட்டுச்சு. பானை அடி முழுக்கத் தடவுவேன், ஒண்ணுதான். அம்மனோட சீட்டு ஒண்ணு உள்ள கெடக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தாலியறுத்த கைக்கு அது தட்டுப்படாதுன்னு நெனச்சேன். ராமசுப்பு விட்டா வருதே, எனக்கு மட்டும் ஏன் வரலை? அம்மன் தன் சீட்டை எங்கிட்ட இருந்து ஒதுக்கி வச்சுக்கிறான்னு நெனச்சேன். நாலு வருஷமா, ஆத்தா, நீயுமான்னு உள்ளுக்குள்ளயே அழுதிருக்கேன். எம்மவங்கிட்டகூட இதைச் சொன்னதில்ல. அளவு தப்பாத விரலு பொய் சொல்லாதுன்னு எனக்கு ஏன் தோணலை? வளையல்னா தோணியிருக்கும். சாமின்னதும் தோணலை.

சொன்னேன் அவகிட்ட. "அம்மன் ஒதுக்கலை அத்தை. அந்த ஆளுதான் ஒண்ணாம் நம்பரைப் பானையில போடாம உள்ளங்கையில ஒதுக்கியிருக்காரு. உங்க தாலிக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல"ன்னா.

அழுதேன். பெறகு கோவம் வந்துச்சு பாரு, அது மாதிரி ஒரு கோவம் எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தப்பக்கூட வந்ததில்ல. யோசிச்சுப் பாரேன், எத்தனை பேரு இருக்கோம், அவன் ஏன் என்னைக் கடைசியில நிறுத்தினான்? கடைசியில நிக்கிறவ கைக்குத்தான் திருட்டு தெரியும். அதனால தெரிஞ்சாலும் தன் தலையெழுத்துன்னு வாயை மூடிக்கிற ஒருத்தியாப் பாத்துத் தேடியிருக்கான். நான் ஒரு ஆளுன்னே அவன் எண்ணலை.

"இனி யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. அடுத்த வருஷம் வரைக்கும் பொறுக்கணும்"னேன். அது என் யோசனைதான். இந்துதான் மொதல்ல சொன்னா, ஆனா நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் தாயி. நான்! எம்மவன் எனக்கு மேலுக்கு முடியலைன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான்.

இந்த வருஷம் சீட்டெடுப்பு. இன்னைக்கு மூணு நா முன்னால. ராமசுப்பு தட்டுல பதினஞ்சு சீட்டைக் காட்டினாரு, பானையில போட்டாரு. சுடலைமணி மொதல்ல போயி ஏழாம் நம்பரை எடுத்தாரு. ஒருத்தர் ஒருத்தரா பதிமூணு பேரும் எடுத்தாச்சு. நம்பரை வாசிச்சுட்டாங்க. ஒண்ணாம் நம்பரு வரலை. நான் போயிக் கையை விட்டேன். தடவினேன், அடியில, ஓரத்துல, மறுபடி அடியில. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. பிடிச்சேன், கையை மூடினேன். மூடின கையி அந்தப் பானை வாயில வெளிய வராது, வளையல்காரிக்கு இது தெரியாதா? கையை எடுக்காமலே நின்னேன்.

"எடும்மா"ன்னாரு ராமசுப்பு.

"எடுக்க மாட்டேன்"னேன். "உள்ள ஒண்ணுதான் கெடந்துச்சு. அது என் கையில இருக்கு. அம்மன் சீட்டு எங்க?"

"அது அடியில கெடக்கும். உன் கைக்குத் தட்டுப்பட்டிருக்காது" அப்படின்னாரு. பாத்தியா! நான் மனசுக்குள்ள வச்சிருந்த அதே வார்த்தை. அதை நம்பித்தானே அந்த ஆளு நாலு வருஷம் பொழைச்சிருக்காரு!

இடது கையால பானையைத் தூக்கினேன். அய்யய்யோ கவுத்தாதன்னு நாலு பேரு ஓடி வந்தாங்க. "கவுத்தலை. வழக்கத்தை மீறலை. குலுக்கத்தானே போறேன், இதுக்குப் பேரே சீட்டுக் குலுக்கல்தானே"ன்னேன். கையோட பானையைத் தூக்கி சுடலைமணி காதுகிட்டக் குலுக்கினேன். பொட்டுச் சத்தம் இல்ல. அடுத்தவரு காதுல குலுக்கினேன். பதிமூணு பேரு காதுலயும் குலுக்கினேன் தாயி, ஒருத்தரையும் விடலை. தோளு விட்டுப்போச்சு. கடைசியில ராமசுப்பு காதுகிட்டக் கொண்டுபோனேன். "நீங்களே சொல்லுங்கய்யா, கேக்குதா?"ன்னேன். பின்னால இருந்து இந்து, சத்தமே போடாம, "பதினஞ்சுல பதிமூணு போனா ரெண்டு இருக்கணும். தர்மகர்த்தா மாமா வலது கையை விரிச்சுக் காட்டினாப் போதும்"னா.

அந்த ஆளு விரிக்கலை. மூஞ்சி கறுத்துப் போச்சு. "அம்மன் சீட்டைப் பானையில போடாம எடுத்து வைக்கிறதுதான் வழக்கம்! இதெல்லாம் உங்களுக்கு என்ன தெரியும்?"னு கத்தினாரு. கத்தின பெறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது. சுடலைமணி கேட்டாரு, "அப்ப நாலு வருஷமா அம்மன் இஷ்டப்பட்டு ஒண்ணாம் நம்பரைக் கேட்டான்னீரே, அது என்னய்யா?" போன வருஷம் சிரிச்ச அதே ஆளுதான். அவருக்கென்ன, அல்வா வாசல்ல வச்சா இன்னும் நல்லா ஓடும்ல.

மறுபடி சீட்டெடுக்கணும்னு ஊரே சொல்லிருச்சு. இந்தத் தடவை ராமசுப்பு போடலை. பதினாலு பேரும் ஆளுக்கொரு சீட்டைப் போட்டோம், மிஞ்சின ஒண்ணை பூசாரி போட்டாரு. இந்து ஒண்ணு, ரெண்டுன்னு உரக்க எண்ணினா. "சீனித்தாயி மொதல்ல எடுக்கட்டும்"னு சுடலைமணியே வழி விட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். ஒதுக்கின எடத்துலயேதான் நிப்பேன், கடைசிக் கை என் கை, இனிமே எந்த வருஷமும் அப்படித்தான்னேன்.

ஏழு வந்துச்சு, மூணு வந்துச்சு, பதினொண்ணு வந்துச்சு. பதிமூணு பேரும் எடுத்த பெறகு என்ன மிஞ்சுச்சு தெரியுமா? ஒண்ணும் பதினஞ்சும். கையை விட்டேன். ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. ரெண்டு! அம்மன் சீட்டு என் விரல்ல பட்டுச்சு தாயி. அதுல எது எதுன்னு எனக்குத் தெரியலை, ஆனா ரெண்டும் என் விரலைத் தொட்டுச்சு. அஞ்சு வருஷத்து அழுகையும் அங்கேயே கொட்டிருச்சு. சனம் ஒண்ணாம் நம்பருக்காக நான் அழுறேன்னு நெனச்சிருக்கும். நெனச்சுட்டுப் போகட்டும்.

எடுத்தேன். பிரிச்சேன். பதினஞ்சு.

சிரிக்கிறியா? நானும் சிரிச்சேன். அம்மனுக்கு ஒண்ணு, நெசமாவே ஒண்ணு! ராமசுப்பு இந்தா குதிக்கிறாரு, பாத்தீங்களா நான் அப்பவே சொன்னேன்ல, அம்மன் இஷ்டம்னு. குருவையா போயி அங்க உக்காந்துட்டான். உக்காரட்டுமே. மொதத் தடவையா திருடாம உக்காந்திருக்கான். நான் இங்க ராட்டினத்துப் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஆனா இது நானா எடுத்த எடம். ரெண்டுல ஒண்ணை என் கையி எடுத்துச்சு.

அடுத்த வருஷம் ஒண்ணாம் நம்பரு எனக்குத்தான், பாத்துக்கிட்டே இரு. அஞ்சு வருஷமா வராதது வராமலா போயிரும்? இந்து ஒத்துக்க மாட்டேங்கிறா. பானைக்குப் போன வருஷம் ஞாபகம் இருக்காதாம். மொதல்ல எடுத்தா என்ன, கடைசியில எடுத்தா என்ன, எல்லாருக்கும் பதினஞ்சுல ஒரு வாய்ப்புதானாம். "பெறகு எனக்கு எப்படிடி அரைக்கு அரை வந்துச்சு?"ன்னேன். அது பதிமூணு பேரு எடுத்ததைப் பாத்த பெறகு வர்ற கணக்கு, இது பாக்குறதுக்கு முன்னால வர்ற கணக்குங்கிறா. ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கன மாறுறதுக்குப் பேரு கணக்கா? மூணு வளையலை வச்சு ஆறு விதத்தையும் எழுதிக் காட்டினா. அட்டையில சரியாத்தான் வருது. நான் ஒத்துக்கலை.

சரி, கதை கேட்டு உனக்கு நேரமாச்சு. அக்காளுக்கு எந்தக் கட்டு, பச்சைக் கண்ணாடியா செவப்பா? என்னது, அவளா? இந்துவா எடுத்துக் குடுக்கணும்? வேண்டாம் தாயி, நான் எடுத்துத் தாரேன். சொன்னேன்ல, வளைகாப்பு வளையலை அவ தொடுறதில்ல. நானா ஒண்ணும் சொல்லலை. அது வழக்...

ஏன் அப்படிப் பாக்கிறே?

இந்த ஜெனரேட்டர் சத்தத்துல மனுசி என்ன பேசுறான்னு அவளுக்கே தெரிய மாட்டேங்குது.

ஏ இந்து. பெட்டி அடுக்கினது போதும், கையைத் தொடைச்சுக்கிட்டு இங்க வா. ஒடைச்சே, தொலைச்சுருவேன். இந்தப் பிள்ளையோட அக்காளுக்கு வளைகாப்பு, ரெண்டு ஆறு அளவு. இந்தா, ரெண்டு கட்டு இருக்கு. எதுன்னு நீயே எடு.